கீழ் விளக்கு

சட்டையின் உட்புறத்தைப் புரட்டிப் போட்டு, வலப்பக்கப் பையின் தையலைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தான் தையல்காரன். பை இன்னும் நான்கு விரல் ஆழம் வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். குனிந்தால் போதும், டார்ச் விளக்கு நழுவித் தண்ணீருக்குள் குதிக்கப் பார்க்கிறது என்பது அவள் தரப்பு வழக்கு. நாளை, நாளை என்று வாய்தா வாங்கியே ஒரு வாரத்தைக் கடத்தியது அவன் தரப்பு. இப்போது அடுத்த அறையில், கட்டிலில், அவள் இறந்து கிடந்தாள். உடுத்திவிடச் சட்டை எப்போது வரும் என்று அண்டை வீட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். அவன் பையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், போதும், குடுங்க," என்றார் அவளுடைய அண்ணன். சைக்கிள் கடை வைத்திருப்பவர். காலையிலிருந்து அழுது குரல் கம்மிப் போயிருந்தது. "போறவளுக்குப் பை எதுக்கு? அங்க போய் டார்ச் அடிக்கப் போறாளா?"

"கேட்டா."

"எப்ப?"

"போன வாரம்."

தையல்காரன் புதுத் துணியை வெட்டி, பழைய பையோடு சேர்த்து, இயந்திரத்தின் ஊசிக்குக் கீழே கொடுத்தான். கால் மிதித்தது. சக்கரம் சுழன்றது. கூடத்தில் பேச்சு நின்று, எல்லோரும் அந்த ஓசையைக் கேட்டார்கள். அழுகை கேட்க வேண்டிய வீட்டில் தையல் இயந்திரம் ஓடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அவனுக்கும் விளங்கவில்லை. நெஞ்சுக்குள் எதையோ வைக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கை மட்டும் தன் வேலையைச் செய்தது.

மகள் வந்து சட்டையை வாங்கிக்கொண்டாள். பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று.

"இப்ப சரியா இருக்குப்பா," என்றாள்.

இறந்தவளை எல்லோரும் கேப்டன் என்றே அழைத்தார்கள். அந்தப் பட்டம் கேலியாகத்தான் பிறந்தது. முகத்துவாரத்தின் இக்கரையில் வீடுகள், அக்கரையில் ஆலை. இரவு வேலைக்குப் போகிறவர்களைக் கொண்டுவிட்டு, மாலை வேலை முடித்தவர்களை ஏற்றிவர ஒரு படகு வேண்டும்; அந்த நேரத்துக்கு ஓட்ட ஆளில்லாமல் படகுத்துறைச் சங்கம் கையைப் பிசைந்த காலம் அது. நான் ஓட்டுகிறேன் என்று அவள் போய் நின்றாள். நாற்காலியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து, விறைப்பாக நின்று, "வாங்க கேப்டன்" என்று வணக்கம் வைத்தார். அவள் அந்த வணக்கத்தை மெய்யென்றே ஏற்று, அவர் விட்ட நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று சிரித்தவர்களின் பிள்ளைகள் அதற்குப் பிறகு பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது அவள் படகில்தான். சிரித்தவர்கள் அதை மறந்தார்கள்; பட்டம் நிலைத்தது.

நேற்றிரவு ஆலையில் மாலை வேலைக்காரர்களைக் கூடுதல் நேரம் நிறுத்திக்கொண்டார்கள். எனவே இரவு வேலைக்காரர்களை இறக்கிவிட்டு, அவள் வெறும் படகோடு திரும்பினாள். தூறல். முகத்துவாரத்தின் நடுவே, கரி ஏற்றிய, இன்ஜின் இல்லாத பார்ஜ் படகு ஒன்றை நீண்ட கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு ஓர் இழுவைப் படகு போயிற்று. அவள் படகு இழுவைப் படகுக்குப் பின்னாலும் பார்ஜுக்கு முன்னாலும், இரண்டுக்கும் நடுவே கடந்தது. தண்ணீருக்குள் தொய்ந்து கிடந்த கயிறு விறைத்து மேலே எழுந்தது. படகு கவிழ்ந்தது. அவ்வளவுதான் நடந்தது. விடிந்ததும் அவளை எடுத்தார்கள்.

வந்தவர்கள் அவரவருக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். இருட்டு கொன்றது என்றார் ஒருவர். மழை கொன்றது என்றார் இன்னொருவர். தலையெழுத்து கொன்றது என்றார்கள் பலர். அப்படிச் சொன்னவர்களின் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது, ஏனெனில் தலையெழுத்தைக் கூண்டில் ஏற்றி யாரும் விசாரிப்பதில்லை. கயிறு கொன்றது என்று ஒருவரும் சொல்லவில்லை. கூடத்தின் மூலையிலிருந்து வேறொரு குரலும் வந்தது. தாழ்ந்த குரல்தான், ஆனால் கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கும்படி அளந்து தாழ்த்திய குரல். "பொம்பள கையில சுக்கானைக் குடுத்தா வேற என்ன ஆகும்?" ஆண் ஒருவன் கவிழ்ந்தால் கடலைக் குறை சொல்லும் உலகம், பெண் ஒருத்தி கவிழ்ந்தால் கடலுக்கு விடுதலை கொடுத்துவிடுகிறது.

படகுத்துறைச் சங்கத்தின் செயலாளர் நடுப்பகலுக்குப் பிறகு வந்தார். கட்டிலருகே சற்று நேரம் நின்றார். கூடத்துக்கு வந்து, தையல்காரனின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கெட்டவர் அல்லர், சங்கடமான காரியத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் போக விரும்பும் சாதாரண மனிதர்.

"டெய்லரே, மனசைத் தேத்திக்கங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள துறைமுக ஆபீசுக்கு நான் பதில் சொல்லியாகணும். யார் மேல தப்புன்னு கேக்கிறாங்க."

"யார் மேல?"

செயலாளர் தொண்டையைச் செருமினார். "இழுவைக்காரரு ரெண்டு விளக்கும் போட்டிருந்தேன்னு அடிச்சுச் சொல்றாரு. அவரு பொய் சொல்ற ஆளு இல்ல, உங்களுக்கே தெரியும்."

"அது என்னங்க ரெண்டு விளக்கு?" என்று சைக்கிள் கடைக்காரர் குறுக்கே கேட்டார். "எனக்கு டைனமோ விளக்கு ஒண்ணுதான் தெரியும்."

செயலாளர் இரண்டு ஆட்காட்டி விரல்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பிடித்துக் காட்டினார். "கம்பத்துல வெள்ளை விளக்கு ஒண்ணு எரிஞ்சா, தனியா போற படகுன்னு அர்த்தம். மேலயும் கீழயுமா ரெண்டு எரிஞ்சா, 'பின்னால ஒண்ணை இழுத்துட்டுப் போறேன், எனக்கும் அதுக்கும் நடுவுல வராதே'ன்னு அர்த்தம். இது கடல்ல போற எல்லாருக்கும் தெரிஞ்ச பாஷை. அந்த ரெண்டையும் பாத்துட்டு நடுவுல புகுந்தா..." விரல்களை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

"பார்ஜுல விளக்கு இல்லையா?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"இருந்துச்சு. சின்ன விளக்கு, தண்ணி மட்டத்துல. பின்னால கரையில அவ்வளவு விளக்கு எரியுது, அதோட கலந்துடும். அதுக்காகத்தானே கம்பத்துல ரெண்டு வைக்கிறது."

மகள் கதவருகே நின்றிருந்தாள். அம்மாவோடு கூடவே போய்ப் பழகியவள். சுக்கான் தேர்வில் தேறியவள். அடுத்த மாதம் தன் பெயரில் அனுமதி வரவேண்டியவள்.

"என் அனுமதி என்னாச்சுண்ணே?" என்று கேட்டாள்.

செயலாளர் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம்னு பேசிக்கிறாங்கம்மா. இந்த நேரத்துப் படகு இனிமே ஆம்பளைங்க கையிலதான் இருக்கணும்னு... நான் சொல்லல, பேசிக்கிறாங்க."

"யார் பேசிக்கிறாங்க?"

"எல்லாரும்தான்."

"எல்லாருக்கும் ஒரு வாய்தானா?" என்றாள் மகள்.

தையல்காரனுக்கு இப்போது புரிந்தது. கட்டிலில் கிடப்பவளை ஒரு முறை தண்ணீர் கொன்றது. சாயங்காலத்துக்குள் இன்னொரு முறை கொல்லப்போகிறார்கள். இந்த முறை நாவால். அதோடு நிற்காமல், கதவருகே நிற்பவளின் கையிலிருந்து சுக்கானையும் பிடுங்கப்போகிறார்கள். புரிந்ததே தவிர, கோபம் வரவில்லை. கோபம் எங்கேயோ தொலைவில், வேறு யாருடைய வீட்டிலோ இருந்தது.

"ஒண்ணுதான் தெரிஞ்சுது," என்றான்.

"என்னது?"

"ஒரு விளக்குதான் தெரிஞ்சுது. நான் பாத்தேன்."

செயலாளர் பரிவோடு சிரித்தார். "நீங்க எங்க டெய்லரே பாத்தீங்க, ஊசிக் காதைத் தவிர?"

இயந்திரம் போட்டிருந்த ஜன்னலுக்கு வெளியே முகத்துவாரம் முழுவதும் விரிந்து கிடந்தது. பல ஆண்டுகளாக அவன் இரவில் தைத்ததெல்லாம் அந்த ஜன்னலை ஒட்டித்தான். அவன் படகில் ஏறியதே இல்லை; தண்ணீரைக் கண்டால் அவனுக்கு வயிற்றைப் புரட்டும். "கரையில நின்னாலே வாந்தி எடுக்கிற ஒரே ஆம்பள" என்று அவள் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். விளக்குகளின் பாஷையை அவள்தான் அவனுக்குச் சொன்னாள். பாடமாக அல்ல, வீட்டு வேலையாக.

"இங்க பாரும் டெய்லரே. என் படகுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. சிவப்பு மட்டும் தெரிஞ்சா நான் அந்தப் பக்கம் போறேன். பச்சை மட்டும் தெரிஞ்சா இந்தப் பக்கம் போறேன். ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சா, நேரா உம்மைப் பாத்து வரேன். உடனே எந்திரிச்சு டீக்குத் தண்ணி வைக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது கேப்டன்."

"அப்புறம், அந்த மெஷின் விளக்கை அணையும். துறைக்குத் திரும்பும்போது கண்ணுல குத்துது."

விளக்கின் சுவிட்ச் மேசைக்குப் பின்னால், சுவரின் அடியில் இருந்தது. அணைக்க வேண்டுமானால் முட்டி போட்டுக் கையை நுழைக்க வேண்டும். அவன் அணைத்ததில்லை. சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்ததும், பக்கத்தில் கிடக்கும் சாம்பல் நிற லைனிங் துணி ஒன்றை எடுத்து விளக்கின் தகர மூடி மேல் போர்த்துவான். தண்ணீர் வைக்க உள்ளே போவான். அவளுக்கும் அது போதுமானதாக இருந்தது.

நேற்றிரவும் அப்படித்தான். இடமிருந்து வலமாக ஓர் இழுவைப் படகு போயிற்று. மேலே ஒரு வெள்ளை, கீழே, இவனைப் பார்த்த பக்கத்தில், ஒரு பச்சை. தனிப் படகு என்று நினைத்தான். நினைத்தது கூட இல்லை, கண் பார்த்தது, மனம் கடந்தது. அப்பால், அக்கரைப் பக்கம், அவளுடைய சிவப்பும் பச்சையும் ஓரிடத்தில் நின்றன. வழி விடுகிறாள். தன் வலப்பக்கமிருந்து வருகிறவனுக்கு வழி விட்டு, அவன் போன பிறகு அவன் பின்பக்கமாகக் கடக்க வேண்டும், முறை அதுதான். இழுவைப் படகு போயிற்று. இரண்டு நிறங்களும் நகரத் தொடங்கின, வீட்டை நோக்கி. அவன் துணியைப் போர்த்தினான். எழுந்து போனான். தண்ணீர் கொதித்தது. கொதித்துக் கொதித்துப் பாத்திரத்தின் அடி தெரியும் வரை அவள் வரவில்லை.

இதை அவன் செயலாளரிடம் சொன்னான். இவ்வளவு கோர்வையாக அல்ல, வெட்டு வெட்டாக.

செயலாளர் பொறுமையாகக் கேட்டார். "டெய்லரே, தூறல் வேற. ஒண்ணை ஒண்ணு மறைச்சிருக்கும். நீங்க பொண்டாட்டியப் பறிகொடுத்தவரு. நீங்க சொல்றதை ஆபீசுல எப்படி எடுத்துக்குவாங்கன்னு உங்களுக்கே தெரியாதா? விளக்கு ரெண்டையும் தன் கையால போட்டேங்கிறாரு அவரு."

வாசலில் ஆள் அரவம் கேட்டது. இழுவைப் படகின் தலைவரே வந்திருந்தார். நரைத்த தலை, இரவெல்லாம் தூங்காத கண்கள். கூடவே அவருடைய இன்ஜின்காரன், எண்ணெய் என்று துறை முழுவதும் அழைக்கப்படுபவன். தையல்காரனின் பழைய வாடிக்கைக்காரன். இருவரையும் கண்டதும் கூடத்தில் பேச்சு அறுந்தது. சைக்கிள் கடைக்காரர் எழுந்து நின்றார். அடிக்கவா, வரவேற்கவா என்று தெரியாமல், கடைசியில் நகர்ந்து வழி விட்டார்.

தலைவர் கட்டிலருகே போய்த் தலை குனிந்து நின்றார். எண்ணெய் அவருக்குப் பின்னால், முதுகைக் கூடத்துக்குக் காட்டியபடி நின்றான். தூறலுக்காக நீலக் கித்தான் கோட்டு போட்டிருந்தான். கோட்டின் முதுகில், தோள்களுக்கு நடுவே, ஒரு வட்டம். தேநீர்த் தட்டின் அளவு. ஓரம் கருகி, நடுவே வெளுத்துப் பழுப்பேறி, தொட்டால் பொடிந்துவிடும்போல.

தையல்காரனுடைய கண் அங்கே நின்றுவிட்டது.

அந்த வட்டத்தை அவனுக்குத் தெரியும். இழுவைப் படகுக்காரர்களின் கோட்டுகளிலும் கால்சட்டைகளிலும் அதே வட்டத்துக்கு எத்தனையோ முறை ஒட்டுப் போட்டிருக்கிறான். "உங்க படகுல யாரோ முதுகு மேல சட்டி வச்சு சமைக்கிறாங்கய்யா" என்று கேலி செய்ததுண்டு. "இன்ஜின் குழாய்ல பட்டுடுச்சு டெய்லரே" என்று எண்ணெய் சிரிப்பான். இவன் ஒட்டுப் போட்டுக் கொடுப்பான், அவன் வாங்கிக்கொண்டு போவான். அவ்வளவோடு அது முடிந்தது.

வேறொரு நாள், தேநீரை ஊதிக் குடித்தபடி அவள் சொன்னதும் இருந்தது. "உம்ம வாடிக்கைக்காரனுங்க கம்பத்தைத் துணிக்கொடியாக்கிட்டானுங்க. பட்டப்பகல்ல விளக்கு மேல கால்சட்டை தொங்குது. ராத்திரி அதைப் பாத்துக் கும்பிட்டு வழி விடணும்போல." அவன் சிரித்தான். நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். அதுவும் அவ்வளவோடு முடிந்தது.

இரண்டும் அவனிடமே இருந்தன. ஒன்று அவன் காதில், ஒன்று அவன் கையில். இத்தனை காலமும் அவன் அவற்றைச் சேர்த்துத் தைக்கவில்லை.

எழுந்து போய் எண்ணெயின் தோளைத் தொட்டான்.

"கோட்டைக் கழட்டுங்க."

எண்ணெய் திகைத்தான். "டெய்லரே... இன்னிக்குப் போயி..."

"கழட்டுங்க."

"மச்சான், விடுங்க," என்று சைக்கிள் கடைக்காரர் அவன் கையைப் பிடித்தார். பிறகு செயலாளரின் காதருகே, "காலையிலேர்ந்து இப்படித்தான், செத்தவ சட்டைக்குப் பை தைக்கிறாரு" என்றார்.

எண்ணெய் கோட்டைக் கழற்றிக் கொடுத்தான். பைத்தியத்துக்குப் பணிந்து போகிறவனின் மரியாதை அதில் இருந்தது. தையல்காரன் அதை மேசை மேல் விரித்தான், முதுகுப் பக்கம் மேலே வர. சுண்ணக்கட்டியை எடுத்துக் கருகலின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டான். வெள்ளைக் கோடு சுற்றிவந்து தன்னைத் தானே தொட்டது.

"இது எதுல பட்டுச்சு?"

"குழாய்ல..."

"எந்தக் குழாய்?"

எண்ணெய் உள்சட்டையின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டான்.

"நேத்து ராத்திரி கோட்டு ஈரமா இருந்துச்சா?"

எண்ணெய் தன் தலைவரைப் பார்த்தான். தலைவர் கட்டிலை விட்டு மேசைக்கு வந்தார். சுண்ணக்கட்டி வட்டத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை விரித்து, பல்பு மாற்றுகிறவன் விளக்கின் தலையைப் பிடிப்பதுபோல, அந்த வட்டத்தின் மேல் வைத்தார். விரல்நுனிகள் வெள்ளைக் கோட்டின் மேல் சரியாக உட்கார்ந்தன.

"எங்கடா போட்ட?" என்றார்.

"அண்ணே..."

"எங்கடா போட்ட?"

"கீழ் விளக்குலண்ணே." எண்ணெயின் குரல் அவனுக்கே கேட்காத அளவு இறங்கிப் போயிற்று. "எப்பவும் போடுறதுதான். அதுதான் நல்லா சூடா இருக்கும், மேல எட்டாது. கரைக்குப் போறதுக்குள்ள காஞ்சிடும். நம்ம ஆளுங்க எல்லாரும்தான் போடுவோம். இத்தனை வருசத்துல யாரும் ஒண்ணும் சொன்னதில்லண்ணே."

"எப்பவுமா?" என்று மகள் கேட்டாள்.

தலைவர் கையை வட்டத்திலிருந்து எடுக்காமலே செயலாளரிடம் திரும்பினார். "நான் சுவிட்சைப் போட்டேன். ரெண்டுக்கும் போட்டேன். அண்ணாந்து பாக்கல. ஆபீசுல சொல்லுங்க. வெளிய ஒண்ணுதான் தெரிஞ்சிருக்கு. அந்தம்மா நின்னு வழி விட்டிருக்காங்க. நான் போனப்புறம் என் பின்னால கடந்திருக்காங்க. அப்படித்தான் கடக்கணும். தப்பு என் படகு மேல."

"நீங்க யோசிச்சு..." என்று செயலாளர் தொடங்கினார்.

"என் வாயாலதானே சொல்றேன்? அப்படியே சொல்லுங்க. நானும் கூட வரேன்."

வெற்றி என்று ஒன்று இருக்குமானால் அது வந்து சேர்ந்திருந்தது. தையல்காரன் அதைத் தனக்குள் தேடிப் பார்த்தான். இல்லை. முறை தெரியாதவள் தப்பிப் பிழைத்திருப்பாள். முரட்டுத்தனமாக முன்னால் பாய்ந்திருந்தால் கூடப் பிழைத்திருப்பாள். முறைப்படி நின்றாள், முறைப்படி வழி விட்டாள், முறைப்படி கடந்தாள். அவள் பெயர் இப்போது சுத்தமாக இருந்தது. பெயருக்கு உரியவள் அடுத்த அறையில், ஆழமான பை வைத்த சட்டையோடு கிடந்தாள்.

எண்ணெய் உள்சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றான். தையல்காரன் கோட்டை மடித்து, சுண்ணக்கட்டி வட்டம் மேலே தெரியும்படி, அவன் கையில் கொடுத்தான்.

"போட்டுக்கங்க. தூறுது."

"டெய்லரே, நான்..."

"இதுக்கு இனிமே நான் ஒட்டுப் போட மாட்டேன்."

அவன் குரலில் சினம் இல்லை. கடை விடுமுறையைச் சொல்வதுபோலச் சொன்னான்.

வண்டி வந்தது. ஆறு பேர் தூக்கினார்கள். அதில் ஒரு பக்கம் மகள் தோள் கொடுத்தாள். பெண்கள் தூக்குவதா என்று ஒருவர் கேட்க வாயெடுத்தார். செயலாளர் அவரை ஒரு பார்வை பார்த்தார், வாய் மூடிக்கொண்டது. தையல்காரன் பின்னால் நடந்தான். மண் ஈரமாக இருந்தது. எல்லாம் முடிந்து திரும்பும்போது அவன் செருப்பில் சேறு கட்டியிருந்தது. வாசலில் ஒரு கல்லில் தேய்த்துத் தேய்த்து எடுத்தான். எடுத்து முடித்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

இரவு வேலை நேரம் நெருங்கியதும் மகள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கேவா?" என்றார் சைக்கிள் கடைக்கார மாமா. "ஊரு என்ன சொல்லும்? இன்னிக்கு ஒரு ராத்திரி வேற யாராவது ஓட்டட்டுமே."

"வேற யாராவதுன்னு இன்னிக்கு விட்டா, நாளைக்கும் வேற யாராவதுதான் மாமா." டார்ச்சை எரித்துப் பார்த்து அணைத்தாள். "அந்தக் கரையில வேலை முடிச்சு நிக்கிறவங்க வீட்டுக்கு வர வேணாமா? செயலாளர் மாத்துப் படகைத் தரேன்னு சொல்லிட்டாரு. அனுமதி வர்ற வரைக்கும் அவரே கூட வர்றாராம்."

"அவரா? அந்த ஆளுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாதாம். அதான் என்கூட வர்றாரு."

மாமா சிரித்துவிட்டார். சிரித்ததற்காக உடனே அழுதார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவளுடைய கோட்டின் மேல் பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஊசியை எடுத்து, அவள் நின்ற நிலையிலேயே, கழுத்தருகே குனிந்து, அதை இறுக்கித் தைத்தான். நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது அவன் நெற்றி அவள் தோளில் ஒரு கணம் பட்டது. அவள் போனாள்.

மாமா கூடத்தில் படுத்து உறங்கிப் போனார். தையல்காரன் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தான். விளக்கு எரிந்தது. தைக்க ஒன்றும் எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தூறல் நின்றிருந்தது. பச்சை ஒன்று போயிற்று. வெள்ளை ஒன்று நங்கூரமிட்டு நின்றது. பிறகு, மிகத் தொலைவில், அக்கரையின் விளக்குகளிலிருந்து பிரிந்து, ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன.

கை தானாகவே நீண்டு, மேசை ஓரத்தில் கிடந்த சாம்பல் நிறத் துணியை எடுத்தது. விளக்கின் மேல் போர்த்தப் போன கை பாதியில் நின்றது. துணியின் நடுவே ஒரு வட்டம் இருந்தது. வெளிறிய பழுப்பு; கருகவில்லை, இன்னும். எத்தனையோ இரவுகளின் சூடு மெல்ல மெல்ல ஏறிய நிறம். விளக்குக்கு நேரே பிடித்தால் இழைகள் மெலிந்து வெளிச்சம் ஊடுருவியது. எத்தனை முறை கையில் எடுத்தும் அவன் அதைப் பார்த்ததில்லை.

துணியை நான்காக மடித்து வைத்தான். முட்டி போட்டான். மேசைக்கும் சுவருக்கும் நடுவே கையை நுழைத்து, சிலந்தி வலையைத் தாண்டி, சுவிட்சைத் தேடிப் பிடித்து அணைத்தான்.

அறை இருண்டது. அவன் எழுந்து மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தான். உள்ளே அடுப்பு அணைந்தே கிடந்தது. பாத்திரம் கவிழ்த்து வைத்த இடத்திலேயே இருந்தது. சிவப்பையும் பச்சையையும் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டும் இருந்தன. கண்ணை இமைத்தான், இரண்டும் இருந்தன. மெல்லப் பெரிதாகின. பேச்சுக் குரல்கள் தண்ணீர் மேல் மிதந்து வந்தன; யாரோ எதற்கோ இருமினார்கள்.

துறையில் கட்டிய டயரில் படகு உரசும் ஓசை கேட்டது. அதன் பிறகுதான் அவன் எழுந்துபோய், பாத்திரத்தை நிமிர்த்தித் தண்ணீர் பிடித்தான்.